அனுப்பியவர் நல்லவர், சொன்னவர் யார்?





நம் வாலாஜாபாத்தில் கைப்பேசி இல்லாத வீடு இன்று அரிது. ஃபஜ்ர் தொழுதுவிட்டு வந்து கைப்பேசியைத் திறந்தால் சலாம், துஆ, ஜனாஸா அறிவிப்பு, கல்யாணப் பத்திரிகை என்று வரிசையாக வந்திருக்கும். அவற்றோடு மருத்துவச் செய்திகளும் வருகின்றன. "சர்க்கரைக்கு இனி மாத்திரை வேண்டாம்", "புற்றுநோய் என்பதே பொய்", "இந்தத் தடுப்பூசியைப் பிள்ளைக்குப் போடாதீர்கள்", "இதைப் பத்துப் பேருக்கு அனுப்புங்கள், நன்மை கிடைக்கும்" என்றெல்லாம் அவை சொல்கின்றன.

இவற்றில் பாதி தீங்கில்லாதவை. காலையில் வெதுவெதுப்பான தண்ணீர் குடித்தால் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது. கவலை தருவது மறுபாதி. ஓடிக்கொண்டிருக்கும் மருந்தை நிறுத்தச் சொல்லும் செய்தி, குழந்தைக்குப் போட வேண்டிய ஊசியைத் தடுக்கும் செய்தி, மருத்துவமனைக்குப் போக வேண்டிய நேரத்தைத் தள்ளிப்போடச் செய்யும் செய்தி ஆகிய மூன்றும் உயிரோடு விளையாடுபவை. மருத்துவ உதவி கேட்டு அறக்கட்டளைக்கு வரும் குடும்பங்களோடு பேசும்போது, நோயை விட இப்படி வீணாகிப்போன மாதங்கள்தாம் எங்களை அதிகம் வருத்துகின்றன. ஆகவே, ஆன்லைனில் வரும் மருத்துவத் தகவலில் எதை நம்பலாம், எதை ஒதுக்க வேண்டும் என்பதை இந்த இதழில் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

2017இல் நடந்தது என்ன?

2017 பிப்ரவரி 6ஆம் தேதி தமிழகம், கர்நாடகம், கோவா, புதுச்சேரி, லட்சத்தீவு ஆகிய இடங்களில் தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. ஒன்பது மாதம் நிறைந்த குழந்தை முதல் பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் வரை எல்லோருக்கும் ஓர் ஊசி. தமிழகத்தில் மட்டும் சுமார் 1.76 கோடி பிள்ளைகளுக்குப் போடத் திட்டம். பள்ளிக்கூடங்களிலேயே முகாம் வைத்தார்கள்.

முகாம் தொடங்கிய கையோடு வாட்ஸ்அப்பில் செய்திகள் பறந்தன. வெளிநாட்டுச் சதி என்றார்கள். பிள்ளைகளுக்கு ஆட்டிசம் வரும் என்றார்கள். எந்த ஊர், எந்தப் பள்ளி, என்ன தேதி என்று எதுவும் சொல்லாமல், "ஊசி போட்ட பிள்ளைக்கு இப்படி ஆகிவிட்டது" என்ற குரல் பதிவுகளும் சுற்றின. பயந்துபோன பெற்றோர் பலர் மறுத்தார்கள். சிலர் அந்த நாட்களில் பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. பிப்ரவரி இறுதியில் முடிய வேண்டிய முகாமை அரசு மார்ச்சிலும் நீட்டிக்க வேண்டியதாயிற்று.

உண்மை நிலவரம் வேறு. அந்த ஊசி மருந்து புனேயிலுள்ள சீரம் நிறுவனத்தில் நம் நாட்டிலேயே தயாரானது. தட்டம்மை ஊசியோ 1985 முதல் நம் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இருந்து வருவது. புதிதாகச் சேர்ந்தது ரூபெல்லா பாகம். ரூபெல்லா பிள்ளைகளுக்கு வந்தால் லேசான காய்ச்சலும் தடிப்புமாகப் போய்விடும். கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் தாய்க்கு வந்தால் வயிற்றிலுள்ள சிசுவுக்குக் கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு உண்டாகலாம். 1941இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், கண்புரையோடு பிறந்த பல குழந்தைகளின் தாய்மாருக்குக் கர்ப்பகாலத்தில் இந்த நோய் வந்திருந்ததைக் கவனித்துச் சொன்னார். அதன் பிறகே உலகம் இதை அறிந்தது. ஆக, அன்று தடுக்கப்பட்ட ஊசி நம் பெண் பிள்ளைகளுக்கும், அவர்களுக்கு நாளை பிறக்கப்போகும் பிள்ளைகளுக்குமான பாதுகாப்பு.

இங்கே நாம் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அன்று அந்தச் செய்திகளை நமக்கு அனுப்பியவர்கள் கெட்டவர்களா? இல்லை. மாமு அனுப்பினார், சாச்சா அனுப்பினார், பக்கத்து வீட்டு ஆசிரியை அனுப்பினார். எல்லோரும் நம் பிள்ளைகளின் நலம் நாடுபவர்கள். நாம் ஏமாறுவதும் அந்த இடத்தில்தான். அனுப்பியவர் மீதுள்ள நம்பிக்கையை, எழுதியவர் யாரென்றே தெரியாத செய்திக்குக் கொடுத்துவிடுகிறோம்.

நம் முன்னோர் கையாண்ட உரைகல்

செய்தியைச் சோதிக்கும் கலையில் நம் சமுதாயம் யாருக்கும் பின்தங்கியதல்ல. ஒரு செய்தி வந்தால் தீர விசாரிக்காமல் செயல்படக் கூடாது என்பதை சூரா ஹுஜுராத்தின் 6ஆவது வசனம் நமக்குக் கடமையாக்குகிறது. ஹதீஸ் கலை வல்லுநர்கள் இந்த விசாரணையையே ஒரு தனிக் கல்வியாக வளர்த்தார்கள். ஒரு ஹதீஸ் வந்தால் முதலில் ஸனதைப் பார்ப்பார்கள். யார் யாரிடமிருந்து கேட்டார், அவர்கள் சந்தித்திருக்க முடியுமா, சங்கிலி எங்காவது அறுந்திருக்கிறதா என்று ஆராய்வார்கள். பிறகு மத்னை, அதாவது செய்தியின் உள்ளடக்கத்தைப் பார்ப்பார்கள். அறிவிப்பாளர்களின் வரலாற்றைச் சொல்வதற்கென்றே பெரும் பெரும் நூல்களை எழுதி வைத்தார்கள்.

அவர்கள் ஓர் அறிவிப்பாளரிடம் இரண்டு தகுதிகளைத் தேடினார்கள். ஒன்று அதாலத்: நேர்மை, இறையச்சம், பொய் சொல்லாமை. மற்றொன்று ளப்த்: கேட்டதைத் தவறின்றி நினைவில் வைத்து, துல்லியமாக எடுத்துச் சொல்லும் திறமை. இரண்டும் இருந்தால்தான் அவர் 'ஸிகத்', அதாவது நம்பத்தக்கவர். இரவெல்லாம் நின்று தொழும் வணக்கசாலியாக இருந்தாலும், நினைவாற்றல் குறைந்தவர் என்றால் அவருடைய அறிவிப்பை பலவீனமானது என்று ஒதுக்கினார்கள். அதனால் அவரை இழிவுபடுத்தியதாக யாரும் நினைக்கவில்லை. அவரிடம் துஆ கேட்டார்கள். ஹதீஸ் மட்டும் வாங்கவில்லை.

நம் கைப்பேசிக்கு வரும் மருத்துவச் செய்திக்கும் இதே அளவுகோல் போதும். சாச்சாவின் நேர்மையில் நமக்குச் சந்தேகமில்லை. சிறுநீரகத்தைப் பற்றி அவர் சொல்வதில் துல்லியம் இருக்கிறதா என்பதே கேள்வி. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் பாதி ஆபத்து நீங்கிவிடும்.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

முதல் கேள்வி: முதலில் சொன்னவர் யார்? பெயர், படிப்பு, பணியாற்றும் இடம், தேதி இவை செய்தியில் இருக்கின்றனவா? "அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டுபிடித்துள்ளனர்", "ஒரு பெரிய டாக்டர் சொன்னார்" என்பவை பெயரில்லாத அறிவிப்பாளர்கள். ஹதீஸ் கலையில் இப்படி அறியப்படாதவரை 'மஜ்ஹூல்' என்பார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி தெரிந்தால், அது கைமாறிக் கைமாறிப் பலமுறை அனுப்பப்பட்டது என்று பொருள். அப்படிப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஓர் அரட்டைக்குத்தான் அனுப்ப முடியும் என்று 2020 ஏப்ரலில் அந்த நிறுவனமே கட்டுப்பாடு வைத்தது. அந்தக் குறியைப் பார்த்ததும் நம் கை கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

பெயரும் ஊரும் இருந்துவிட்டால் மட்டும் போதாது. இப்போது புகழ்பெற்ற மருத்துவர்களின் முகத்தையும் குரலையும் கணினியில் செயற்கையாக உருவாக்கி, அவர்கள் மருந்து விற்பது போலவே காணொளி தயாரிக்கிறார்கள். முகம் தெரிகிறது என்பதால் ஸனத் சரியாகிவிடாது. அந்த மருத்துவர் பணியாற்றும் மருத்துவமனையின் சொந்த இணையதளத்திலோ பக்கத்திலோ அதே செய்தி இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி: அந்தத் துறை அவருக்குத் தெரியுமா? அலோபதி மருத்துவர் என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலும், சித்த மருத்துவர் என்றால் அதற்குரிய கவுன்சிலிலும் பதிவு எண் இருக்கும். எண்ணைச் சொல்லத் தயங்குபவரிடம் நாமும் தயங்கலாம். ஒரு துறையில் வல்லவர் இன்னொரு துறையிலும் வல்லவர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பல் மருத்துவர் இதயத்தைப் பற்றிச் சொன்னால், அதை இதய மருத்துவரிடம் உறுதி செய்வதே முறை. இனிமையாக பயான் செய்பவர், பெரிய சானல் நடத்துபவர், லட்சம் பேர் பின்தொடர்பவர் என்பவை எவையும் மருத்துவப் படிப்புக்கு ஈடாகா.

2018 ஜூலையில் திருப்பூரில் நடந்ததைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். யூடியூப் காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றதில் ஓர் இளம் தாய் உயிரிழந்தார். குழந்தை பிழைத்தது. படித்த குடும்பம்தான், அந்தப் பெண் ஓர் ஆசிரியை. அடுத்த மாதமே, வீட்டில் சுகப்பிரசவம் பார்க்க இலவசப் பயிற்சி தருவதாக விளம்பரம் செய்த ஒருவரைக் கோவையில் காவல்துறை கைது செய்தது. பிரசவத்தில் ரத்தப்போக்கு தொடங்கினால் தாயைக் காப்பாற்ற இருக்கும் நேரம் நிமிடக் கணக்கில்தான். காணொளியில் பேசியவர் அப்போது பக்கத்தில் இருக்கமாட்டார்.

மூன்றாவது கேள்வி: இதனால் அவருக்கு என்ன ஆதாயம்? செய்தியின் கடைசியில் ஒரு தொலைபேசி எண்ணும் விலையும் இருந்தால் அது விளம்பரம். 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன் பட்டியலில் சர்க்கரை நோய், புற்றுநோய் உள்ளிட்ட பல நோய்கள் உள்ளன. அவற்றைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதையே அந்தச் சட்டம் தடை செய்கிறது. "சர்க்கரையை 30 நாளில் ஒழிக்கிறோம்" என்று விளம்பரம் செய்பவர் அந்த வாசகத்தாலேயே சட்டத்தை மீறுகிறார். சட்டத்தை மதிக்காதவர் நம் உடம்பை மட்டும் மதிப்பாரா?

ஆதாயம் எவ்வளவு தூரம் கெடுக்கும் என்பதற்கு, 2017இல் நம்மிடம் வந்த ஆட்டிசப் பயத்தையே பின்னோக்கித் தொடர்ந்து பார்ப்போம். அது 1998இல் லண்டனிலிருந்து வெளிவரும் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரையில் போய் நிற்கிறது. ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற மருத்துவர் வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதியது அது. தடுப்பூசி நிறுவனங்கள் மீது வழக்குப் போடும் வக்கீல்களிடமிருந்து அவர் பணம் பெற்றிருந்ததைப் பின்னர் ஒரு பத்திரிகையாளர் வெளிப்படுத்தினார். 2010இல் அந்தக் கட்டுரையை இதழே திரும்பப் பெற்றது. அதே ஆண்டு அவருடைய பெயர் பிரிட்டிஷ் மருத்துவர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அது நடந்து ஏழு ஆண்டுகளுக்குப் பிறகும், நிராகரிக்கப்பட்ட அந்த அறிவிப்பாளரின் சொல் தமிழில் மாறி நம் பெற்றோரை அச்சுறுத்தியது.

நான்காவது கேள்வி: வேறு யார் யார் இதையே சொல்கிறார்கள்? ஒருவர் மட்டும் சொல்வதற்கும், ஒருவரோடு ஒருவர் தொடர்பில்லாத பலர் தனித்தனியாக ஆராய்ந்து ஒரே முடிவுக்கு வருவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. முத்தவாதிர் என்ற சொல் நமக்குத் தெரிந்ததே. வேக்ஃபீல்டின் 12 குழந்தைகளுக்கு எதிரே, 2019இல் வெளியான ஒரு டென்மார்க் ஆய்வு மட்டும் ஆறரை லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளைப் பின்தொடர்ந்து, தட்டம்மை - பொன்னுக்குவீங்கி - ரூபெல்லா ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்று கண்டது. பல நாடுகளில் பலர் செய்த ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. ஒரே செய்தி ஐம்பது குழுக்களில் வருவதைப் பலர் சொன்னதாக எண்ணிவிடக் கூடாது. அது ஒருவர் எழுதியதை ஐம்பது பேர் அனுப்பியது.

ஐந்தாவது கேள்வி: செய்தியின் உள்ளடக்கம் அறிவுக்குப் பொருந்துகிறதா? ஒரே பொருள் எல்லா நோயையும் தீர்க்கும் என்றால், பக்கவிளைவே கிடையாது என்றால், டாக்டர்கள் எல்லோரும் சேர்ந்து மறைக்கிறார்கள் என்றால், உடனே எல்லோருக்கும் அனுப்பு என்று அவசரப்படுத்தினால் நிதானிக்க வேண்டும். இது புதிய நோயும் அல்ல. கத்தரிக்காய் எதற்காகச் சாப்பிடப்படுகிறதோ அதற்கு மருந்தாகும் என்ற கருத்தில் ஒரு பேச்சு நபி (ஸல்) அவர்களின் பெயரால் ஒரு காலத்தில் பரவியிருந்தது. ஹிஜ்ரி 751இல் மறைந்த டமாஸ்கஸ் அறிஞர் இப்னுல் கய்யிம் (ரஹ்) அதை இட்டுக்கட்டப்பட்டது என்று அடையாளம் காட்டினார். அனுபவத்துக்கே முரணான இப்படிப்பட்ட பேச்சு நபியின் சொல்லாக இருக்க முடியாது என்பது அவருடைய வாதம். நபிவழி மருத்துவத்தைப் பற்றி விரிவாக எழுதியவரும் அவரே. நபிமருத்துவத்தை நேசித்தவரே அதன் பெயரால் வந்த பொய்யை எதிர்த்தார் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

"பிறகு" என்பதும் "அதனால்" என்பதும்

இன்னொரு சறுக்கலும் உண்டு. 2021 ஏப்ரல் 15ஆம் தேதி நடிகர் விவேக் அவர்கள் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். மற்றவர்களையும் போடச் சொன்னார். 17ஆம் தேதி மாரடைப்பால் இறந்துபோனார். ஊசியால்தான் என்று அன்றே செய்தி பரவியது. அவருடைய இதயத்தின் முக்கிய ரத்தக் குழாயில் முழு அடைப்பு இருந்ததாக மருத்துவர்கள் சொன்னார்கள். அந்த ஆண்டு அக்டோபரில், தடுப்பூசிப் பின்விளைவுகளை ஆராயும் தேசியக் குழு, மரணத்துக்கு ஊசி காரணமல்ல என்று அறிவித்தது. வதந்தி ஓர் இரவில் ஊர் சுற்றிவிட்டது. உண்மை வந்து சேர ஆறு மாதம் ஆனது. ஒன்றன் பிறகு ஒன்று நடந்தது என்பதற்காக முதலாவதே காரணம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஒரு நாளில் லட்சக்கணக்கானோர் ஊசி போடும்போது, அவர்களில் சிலருக்கு அதே வாரத்தில் வேறு காரணத்தால் நோயோ மரணமோ வரத்தான் செய்யும்.

மார்க்கத்தின் பெயரால் வரும்போது

நம் குழுக்களில் வரும் பல மருத்துவச் செய்திகள் ஹதீஸோடு தொடங்குகின்றன. இங்கேதான் மிகுந்த கவனம் தேவை. கருஞ்சீரகத்தின் சிறப்பைச் சொல்லும் ஹதீஸ் ஸஹீஹானது; அதை மறுப்பவர் நம்மில் யாருமில்லை. ஆனால், "இன்சுலினை நிறுத்திவிட்டுக் கருஞ்சீரகம் சாப்பிடு" என்ற வரி எந்த ஹதீஸிலும் இல்லை. அது விற்பவர் சேர்த்தது. அந்த ஹதீஸின் சொல் பொதுவாக இருந்தாலும் குறிப்பது குறிப்பிட்ட வகை நோய்களையே என்று அறிஞர் கத்தாபி (ரஹ்) போன்றோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விளக்கியிருக்கிறார்கள். கருஞ்சீரகத்தைப் பற்றி இன்று ஆய்வுகள் நடக்கின்றன. இன்சுலினுக்கு அது மாற்று என்று எந்த ஆய்வும் நிறுவவில்லை. சிறு வயதிலேயே வரும் முதல் வகைச் சர்க்கரை நோயில் இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து வரும்.

தேனும் அப்படித்தான். தேனில் நிவாரணம் உண்டு என்பது நம் ஈமான். ஆனால், ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது என்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி பச்சிளம் குடலில் வளர்ந்து நச்சை உண்டாக்கும். தசைகள் தளர்ந்து மூச்சுவிடவும் முடியாமல் போகலாம். பெரியவர்களின் குடலில் அதற்கு இடம் கிடைப்பதில்லை. பொதுவாகச் சொல்லப்பட்ட நன்மைக்கும், குறிப்பிட்ட ஒருவருக்குப் பொருந்துமா என்பதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். ரமளான் நோன்பிலும் இந்த வேறுபாட்டை நாம் நினைவில் வைக்க வேண்டும். சர்க்கரை, சிறுநீரக நோயாளிகள் மாத்திரை நேரத்தைத் தாங்களாக மாற்றிக்கொள்ளாமல், ஷஅபான் மாதத்திலேயே மருத்துவரிடமும் ஆலிமிடமும் கேட்டுக்கொள்வது நல்லது. நோயாளிக்குச் சலுகை தந்தவன் அல்லாஹ்வே.

ஃபிக்ஹின் ஒரு சட்டத்தையும் இங்கே நினைவூட்ட விரும்புகிறோம். மருத்துவம் கற்காத ஒருவர் மருத்துவம் பார்த்து, அதனால் தீங்கு ஏற்பட்டால் அவரே அதற்குப் பொறுப்பாளி என்பது நம் இமாம்களின் முடிவு. "நல்ல நிய்யத்தில் சொன்னேன்" என்பது அந்தப் பொறுப்பை நீக்காது. "இந்த மாத்திரையை நிறுத்திவிடுங்கள்" என்று நாம் அனுப்பும் ஒரு வரி, நமக்குத் தெரியாத ஏதோ ஒரு வீட்டில் மருந்துச் சீட்டாக மாறுகிறது. அனுப்பும் பொத்தானை அழுத்தும் முன் இதை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நம் சமுதாயம் கண்ட இரண்டு காட்சிகள்

2003இல் நைஜீரியாவின் கானோ மாநிலத்தில் போலியோ சொட்டு மருந்து முஸ்லிம் பெண்களை மலடாக்கும் சதி என்ற வதந்தி பரவி, மருந்து கொடுப்பதே நிறுத்தப்பட்டது. 2004இல் இந்தோனேசியா என்ற முஸ்லிம் நாட்டில் தயாரான மருந்தை வரவழைத்த பிறகே ஏற்றுக்கொண்டார்கள். அங்கிருந்து கிளம்பிய கிருமி சுமார் இருபது நாடுகளுக்குப் பரவியது. பத்து ஆண்டுகளாகப் போலியோ இல்லாமல் இருந்த இந்தோனேசியாவுக்கே அது 2005இல் போய்ச் சேர்ந்தது. அங்கே 300க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் குழந்தைகள், முடங்கிப்போனார்கள். ஓரிடத்தில் கிளம்பிய பொய்க்கு ஆயிரக்கணக்கான மைல் தொலைவிலுள்ள பிள்ளைகள் விலை கொடுத்தார்கள்.

உத்தரப் பிரதேசத்திலும் அதே வதந்தி நம் மஹல்லாக்களில் இருந்தது. அங்கே ஆலிம்களும் இமாம்களும் முன்வந்தார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பு செய்தார்கள். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமிஆ மில்லிய்யா, ஜாமிஆ ஹம்தர்த் ஆகியவை வீடு வீடாகப் பேச ஆள் அனுப்பின. 2009இல் நாடெங்கும் 741 பேருக்கு வந்த போலியோ, 2011இல் ஒரே ஒரு குழந்தையோடு நின்றது. 2014 மார்ச் 27இல் இந்தியா போலியோ இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது. நம்மவர்களின் பங்கில்லாமல் இது நடந்திருக்காது.

ஹஜ்ஜுக்குச் செல்லும் ஒவ்வொருவரும் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டே ஆக வேண்டும் என்பது சவூதி அரசின் சட்டம். 2000ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்குப் பிறகு அந்த நோய் ஹாஜிகள் வழியே பல நாடுகளுக்குப் பரவியதை ஒட்டி, நான்கு வகைக் கிருமிகளுக்கும் சேர்த்துப் போடும் ஊசி கட்டாயமானது. இஹ்ராம் கட்டப்போகும் கையில் போடுகிற ஊசியை நாம் மறுப்பதில்லை. அதே கை நம் பிள்ளைக்கு வரும் ஊசியைத் தடுக்கலாமா?

பொய்ச் செய்தியின் வலி என்னவென்று நமக்கே தெரியும். 2020இல் டெல்லி மர்கஸை வைத்து, நம் மக்கள் வேண்டுமென்றே நோய் பரப்புவதாக எத்தனை போலிக் காணொளிகள் சுற்றின! காய்கறி விற்றவர்கூட அவமதிக்கப்பட்டார். அந்த ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, வெளிநாட்டு ஜமாஅத்தினர் பலிகடா ஆக்கப்பட்டதாகக் கூறி வழக்குகளை ரத்து செய்தது. விசாரிக்காமல் அனுப்பியவர்களால் நாம் அன்று காயப்பட்டோம். அதே செயலை நாம் இன்னொருவருக்குச் செய்யாமலிருப்பது நம் கடமை.

இனி என்ன செய்யலாம்?

சந்தேகம் வந்தால் முதலில் கேட்க வேண்டியது உங்களைப் பார்க்கும் மருத்துவரை. அது உடனே முடியாதென்றால் 104 என்ற எண்ணுக்கு அழையுங்கள். தமிழக அரசின் மருத்துவ ஆலோசனை எண் அது. அவசரம் என்றால் 108. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை 2021 ஆகஸ்டு முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அந்த ஊழியரிடமும், ஆரம்ப சுகாதார நிலையத்து செவிலியரிடமும் கேட்கலாம். புற்றுநோய் என்று பயம் வந்தால் காணொளி தேடி நாளை வீணாக்க வேண்டாம்; நம் காஞ்சிபுரம் காரப்பேட்டையிலேயே அறிஞர் அண்ணா நினைவு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. வெளியூரிலிருந்தெல்லாம் அங்கே வருகிறார்கள்.

இணையத்தில் படிக்கத்தான் வேண்டும் என்றால் தமிழக மக்கள் நல்வாழ்வுத் துறை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், எய்ம்ஸ், உலக சுகாதார நிறுவனம் ஆகியவற்றின் தளங்களில் தொடங்குங்கள். எழுதியவர் பெயர், எழுதிய தேதி இரண்டையும் பாருங்கள். அங்கே படித்ததும் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வியை உங்களுக்குத் தரட்டும். மருந்தை அவர் தரட்டும். எந்த மருந்தையும் இணையத்தில் படித்துவிட்டு நிறுத்தவும் வேண்டாம், தொடங்கவும் வேண்டாம்.

பெரியவர்கள் இப்படிப்பட்ட செய்தியை அனுப்பினால் குழுவில் எல்லோர் முன்னிலும் மறுத்துப் பேச வேண்டாம். தனியாக அழைத்து, "மாமு, நீங்க அனுப்பினதைப் பார்த்தேன். எங்க மேல உள்ள அக்கறையிலதான் அனுப்பியிருக்கீங்க. இதை முதல்ல சொன்னது யாருன்னு தெரியுமா மாமு? நம்ம டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அப்புறம் எல்லாருக்கும் சொல்வோமா?" என்று கேளுங்கள். பெரியவர்களின் கண்ணியமும் காக்கப்படும், செய்தியும் அங்கேயே நிற்கும். பிள்ளைகளே, இந்தப் பொறுப்பு உங்களுடையது. தேடிப் பார்க்கும் வித்தை வீட்டில் உங்களுக்குத்தான் தெரியும். பாட்டிக்கு வந்த செய்தியைப் பார்த்துச் சிரிக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து ஸனதைத் தேடிக் கொடுங்கள்.

உங்களுக்கு வந்த மருத்துவச் செய்தி எதிலாவது ஐயம் இருந்தால் அறக்கட்டளை அலுவலகத்தில் கொண்டுவந்து காட்டலாம். நாங்கள் மருத்துவர்கள் அல்லர். அறிந்த மருத்துவரிடம் கேட்டுச் சொல்வோம், இன்ஷா அல்லாஹ். தடுப்பூசி அட்டையைத் தொலைத்தவர்கள், அடுத்த ஊசி எப்போது என்று தெரியாதவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். தட்டம்மை - ரூபெல்லா ஊசி இப்போது ஒன்பது மாதம் முடிந்ததும் ஒருமுறை, பதினாறாம் மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் இரண்டாவது முறை, இலவசமாகப் போடப்படுகிறது. இரண்டாவது ஊசியை விட்டுவிட்ட பிள்ளைகள் நம் தெருக்களிலும் இருக்கலாம். இந்த வாரமே அட்டையை எடுத்துப் பாருங்கள்.

உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். நம் சொல்லை நம்பும் பிறருடைய உடலும் அமானிதமே. இரண்டையும் பாதுகாக்கும் நல்லறிவை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. நோயுற்றவர்களுக்குப் பூரண ஷிஃபாவை அருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்,
அறக்கட்டளை நிர்வாகத்தின் சார்பில்
வாலாஜாபாத்